வேகம் கூட்டித் தருகிறேன் என்று பூட்டையே கழற்றிக்கொண்டு போனவர்

கணக்கு எழுதும் சிறு அலுவலகம், கிளினிக், டியூஷன் நிலையம் என்று எதையாவது சிங்கப்பூரில் நடத்துபவர்கள், 'ஏஇஎஸ் 256 என்கிரிப்ஷனுடன் ஆபீஸ் ஸ்டோரேஜ்' என்று யாராவது மலிவாக, கோப்புகளைச் சேமிக்கும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தால், இதைப் படித்துவிட்டு உங்கள் பெட்டியை ஒருமுறை பாருங்கள். என்கிரிப்ஷன் என்றால் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டிவைப்பது. ஏஇஎஸ் அதற்குப் பரவலாகப் பயன்படும் முறை.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சாப்பாட்டுக் கடைகள், மளிகைக் கடைகளுக்குக் கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்ப்பது எங்கள் தொழில். ஊழியர்களின் ஐசி நகல், வொர்க் பெர்மிட், வங்கிக் கணக்கு எண், மசேநி (மத்திய சேமநிதி) விவரம் எல்லாம் எங்களிடம்தான் இருக்கின்றன. அவை வெளியே போனால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அபராதம் ஒரு மில்லியன் வெள்ளி வரை போகலாம். பெட்டியில் உள்ள வட்டையே (ஹார்ட் டிஸ்க்) யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி வேண்டும் என்றுதான் பெட்டி வைத்துத் தந்தவரிடம் கேட்டோம். இன்வாய்ஸிலும் 'முழு வட்டு என்கிரிப்ஷன்' என்று தெளிவாகவே எழுதிக் கொடுத்தார்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெட்டியை ஆன் செய்தால் கடவுச்சொல் கேட்கும். ஆனால் வேகம் சகிக்கவில்லை. மாதக் கடைசியில் ஸ்கேன் செய்த ரசீதுகளை ஏற்றினால் டீ குடித்துவிட்டு வரலாம். கூப்பிட்டுச் சொன்னோம். "சின்னப் பெட்டி அண்ணே, என்கிரிப்ஷன் போட்டா இவ்வளவுதான் தாங்கும். விடுங்க, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று வெள்ளிக்கிழமை மாலை பெட்டியை எடுத்துப் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது பறந்தது. "இனிமே பாஸ்வேர்டும் அடிக்க வேணாம் அண்ணே, ஆட்டோ ஆக்கிட்டேன்" என்றார். 'ஸ்பீட் ஆப்டிமைசேஷன்' என்று 180 வெள்ளிக்குத் தனி பில்.

சில மாதம் கழித்து வட்டு மக்கர் செய்தது. வாரண்டியில் மாற்றித் தருகிறேன், பழையதைக் கொடுங்கள் என்றார். கொடுப்பதற்கு முன்னால், பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் அதைத் தன் லினக்ஸ் மடிக்கணினியில் சொருகிப் பார்த்தான். எதுவும் கேட்காமல் கோப்புறை திறந்துகொண்டது. முதலில் கிளிக் செய்தது ஒரு சமையல்காரரின் வொர்க் பெர்மிட், முன்பக்கமும் பின்பக்கமும், படத்தோடு. "மாமா, இதுல பூட்டே இல்லையே" என்றான். வட்டின் பகுதிகளைப் பட்டியலிட்டால் என்கிரிப்ட் ஆன பகுதிக்கு நேரே 'கிரிப்டோ லக்ஸ்' என்று வரவேண்டும். எங்களுடையதில் வெறும் 'எக்ஸ்ட்4' (பூட்டில்லாத சாதாரண வடிவம்) என்று இருந்தது. பூட்டைக் கழற்றினால் கதவு வேகமாகத் திறக்கத்தான் செய்யும்.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதைவிட மோசம். "வட்டே உள்ளுக்குள்ள என்கிரிப்ட் பண்ணிக்கும் அண்ணே, ஹார்டுவேர் என்கிரிப்ஷன்." எங்களிடம் இருந்தது சாதாரண ஹார்ட் டிஸ்க், அதில் அந்த வசதியே கிடையாது. அந்த வசதி உள்ள வட்டையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரபலமான சில எஸ்எஸ்டிகளின் (சிப்களில் சேமிக்கும் வேகமான வட்டுகள்) சொந்த என்கிரிப்ஷனைக் கடவுச்சொல் இல்லாமலே தாண்டிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற என்கிரிப்ஷன் மென்பொருள் வட்டின் வாக்கை நம்பாமல் தானே என்கிரிப்ட் செய்யும்படி இயல்புநிலையை மாற்றியது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ராஸ்பெரி பை 4 என்ற மலிவான சிறு கணினிப் பலகை. பலகையைக் குறை சொல்லவில்லை, நல்ல பலகைதான். அதன் சிப்பில் ஏஇஎஸ் கணக்குப் போடத் தனிக் கட்டளைகள் இல்லை, அவ்வளவே. இன்றைய சாதாரண மடிக்கணினிகளில் இவை இருப்பதால் என்கிரிப்ஷனின் பாரமே தெரிவதில்லை. இல்லாத சிப் அத்தனையையும் மென்பொருளிலேயே செய்து திணறும். பை 5-இல் அவை வந்துவிட்டன.

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். 'சின்னப் பெட்டி தாங்காது' என்பது பழைய பிரச்சினை, அதற்கு விடையும் பழையது. மலிவு ஆண்ட்ராய்டு போன்களில் இதே சிக்கல் இருந்தது. ஏஇஎஸ் வேகம் குறைவான போன்களுக்கு என்கிரிப்ஷன் கட்டாயத்திலிருந்து விலக்கே கொடுத்திருந்தார்கள். அதற்காகவே கூகிளின் பால் கிரவுலியும் எரிக் பிக்கர்ஸும் 'அடியான்டம்' என்ற முறையை உருவாக்கினார்கள். பெரும்பகுதி வேலையைச் சாச்சா என்ற வேகமான முறையிடம் தள்ளிவிட்டு, ஏஇஎஸ்ஸை ஒரு தொகுதிக்கு ஒருமுறை மட்டும் தொடும். கார்டெக்ஸ் ஏ7 போன்ற எளிய சிப்பில் ஏஇஎஸ் 256-ஐவிட ஐந்து மடங்கு வேகம். 2019-இல் வந்த லினக்ஸ் 5.0-இலேயே இருக்கிறது, காசும் இல்லை. அக்கா மகன் அதே பெட்டியில் சோதித்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைத்தது. எங்கள் வேலைக்கு அது போதும்.

இன்னொன்று, பெட்டி தானாகவே திறந்துகொள்கிறது என்றால் சாவி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இந்தப் பலகையில் சாவியைப் பத்திரமாக வைக்கும் டிபிஎம் சிப் கிடையாது. கடவுச்சொல் கேட்காமல் திறந்தால், பெரும்பாலும் ஒன்று பூட்டு இல்லை, அல்லது சாவி அதே பெட்டியின் எஸ்டி கார்டில் கிடக்கிறது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது எங்களை உறுத்துவது பணம் அல்ல. அந்த வார இறுதியில் பூட்டைக் கழற்ற, அவர் தரவை எல்லாம் வேறொரு வட்டில் நகலெடுத்து, இதை அழித்து, திரும்ப ஏற்றியிருக்கிறார். அந்த நகல் எங்கே என்று கேட்டால் "டிலீட் பண்ணிட்டேன்" என்கிறார். நகலெடுத்த வட்டு எஸ்எஸ்டியாக இருந்தால் டிலீட் செய்ததும் மேலே எழுதியதும் போதாது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக எஸ்எஸ்டி புதியதை வேறு இடத்தில் எழுதும், பழையது உள்ளே தங்கிவிடலாம். வட்டு முழுவதையும் அழிக்கும் செக்யூர் இரேஸ் கட்டளை கொடுத்தாரா என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் இல்லை. வாடிக்கையாளர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டோம்.

பணத்துக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டாயிற்று. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், விவகாரம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இன்வாய்ஸ், வாட்ஸ்அப் உரையாடல், அந்த 180 வெள்ளி பில் மூன்றையும் சேர்த்திருக்கிறோம். அப்புறம், வாரண்டி, மாற்றித் தருகிறேன் என்று யார் கேட்டாலும் பழைய வட்டைக் கொடுத்துவிடாதீர்கள். எங்களுடையது இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.