கதையை எங்க பதிவு பண்றது: காப்பிரைட் ஆபீஸா, எழுத்தாளர் சங்கமா, தபால் கவரா?

சினிமாவுக்கு கதை எழுதுற பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், எழுதி முடிச்ச உடனே காப்பிரைட் உங்களுக்கு வந்தாச்சு, 1957 சட்டப்படி பதிவு கட்டாயமே இல்ல, 2021-ல பம்பாய் ஹைகோர்ட்டும் அதையேதான் சொல்லிருக்கு. அப்புறம் எதுக்கு பதிவுன்னா, நாளைக்கு ஒருத்தர் உங்க கதையை எடுத்துட்டா மூணு விஷயத்த நிரூபிக்க வேண்டி வரும்: நீங்கதான் எழுதுனீங்க, எப்ப எழுதுனீங்க, அவர் கைக்கு அது எப்படி போச்சு.

தனக்குத்தானே தபால் அனுப்பி கவரைப் பிரிக்காம வச்சுக்கிறதுன்னு ஒரு பழைய வழி இருக்கு. செலவு கம்மிதான், ஆனா நான் இதை நம்பி இருக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். அரைகுறையா ஒட்டின காலி கவரை இன்னைக்கு அனுப்பிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு உள்ள பேப்பரை வச்சு ஒட்டலாமே, எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பார், முத்திரைல இருக்குற தேதி கவருக்குத்தான், உள்ள இருக்குற கதைக்கு இல்ல.

சங்கப் பதிவு அப்படி இல்ல. உறுப்பினராகி ஸ்கிரிப்டை குடுத்தா தேதியோட அங்க பதிவாயிடும், அதோட முக்கியமான விஷயம், பிரச்சினைன்னு வந்தா சினிமா தெரிஞ்ச ஆளுங்களே உக்காந்து ரெண்டு கதையையும் வச்சுப் பார்ப்பாங்க. 2018-ல 'சர்கார்' ரிலீஸுக்கு முன்னாடி இதுதான் நடந்துச்சு, பாக்யராஜ் தலைவரா இருந்த தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம், ஒரு உதவி இயக்குநர் முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருந்த கதையோட இது ஒத்துப்போகுதுன்னு சொன்னாங்க, கடைசில மெட்ராஸ் ஹைகோர்ட்ல சமரசமாகி அவருக்கு கிரெடிட் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. அவ்வளவு பெரிய படத்துக்கு எதிரா ஒரு உதவி இயக்குநர் நிக்க முடிஞ்சதுக்கு அந்தப் பதிவு பெரிய காரணம். ஆனா சங்கம் கோர்ட் இல்ல, இழப்பீடோ தடை உத்தரவோ வேணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்.

அங்கதான் டெல்லி காப்பிரைட் ஆபீஸ் சர்டிபிகேட் ஒரு படி மேல. ஃபார்ம் 14, ஆன்லைன்லயே போடலாம், கதைக்கோ பாட்டு வரிக்கோ ஒரு படைப்புக்கு 500 ரூபாய் (பாட்டு ரெக்கார்டிங்னா 2000, முழுப் படம்னா 5000). போட்ட உடனே டைரி நம்பர், அதாவது உங்க விண்ணப்பத்துக்கான எண், வந்துடும், அப்புறம் யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் காத்திருப்பு, அதுக்கப்புறம்தான் பரிசீலனையே ஆரம்பிக்கும், அதனால சர்டிபிகேட் கைக்கு வர மாசக்கணக்காகும். ஆனா வந்துட்டா சட்டத்தோட 48-ஆவது பிரிவுப்படி அதுல இருக்குறதை கோர்ட் முதல்கட்ட ஆதாரமா எடுத்துக்கும், பொய்னு காட்டுற வேலை எதிராளியோடது.

என்னைக் கேட்டா, அடுத்த வாரமே புரொடியூசர்கிட்ட கதை சொல்லப் போறீங்கன்னா சங்கத்துல பதிவு பண்ணிட்டுப் போங்க, முழு ஸ்கிரிப்ட் வசனத்தோட ரெடியானதும் அந்த 500 ரூபாயைக் கட்டிடுங்க, ரெண்டும் வேணும். ஒன்லைனை, அதாவது கதையோட ஓரிரு வரிச் சுருக்கத்தை, மட்டும் பதிவு பண்ணிட்டு நிம்மதியா இருக்காதீங்க, வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1978-லயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல சொல்லிடுச்சு, காட்சி காட்சியா எவ்வளவு விரிவா எழுதி வைக்கிறீங்களோ அவ்வளவு பலம்.

மூணாவது விஷயத்துக்கு, அதாவது கதை அவர் கைக்குப் போச்சுங்கிறதுக்கு, எந்தப் பதிவும் உதவாது. கதை சொல்லிட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே "இன்னைக்கு உங்க ஆபீஸ்ல சொன்ன கதையோட சுருக்கம் இணைச்சிருக்கேன்"னு ஒரு மெயில் தட்டிடுங்க. கதை ஓகே ஆகி ஒப்பந்தம் போடும்போது எத்தனை வருஷம், எந்தெந்த ஊருக்கு உரிமைன்னு எழுத்துல வாங்குங்க, எழுதாம விட்டா சட்டம் 5 வருஷம், இந்தியா மட்டும்னு எடுத்துக்கும், அதனால அவங்க வக்கீல் "நிரந்தரமா, உலகம் முழுக்க"ன்னு ஒரு வரி போட்டிருப்பார், கையெழுத்துக்கு முன்னாடி பேரம் பேச வேண்டியது அந்த வரியிலதான்.