ராகமாலா ஓவியம்: ராஜஸ்தானா, பஹாரியா?

ரெண்டுமே ராகத்தை ஆளா வரையுற வேலைதான், ஆனா கணக்கே வேற. ராஜஸ்தான் பக்கம் பெரும்பாலும் 6 ராகம், ஒவ்வொண்ணுக்கும் 5 ராகினி மனைவிங்க, மொத்தம் 36 படம், முடிஞ்சுது. பஹாரின்னா இமயமலை அடிவார நாடுகள், அங்க 1570ல க்ஷேமகர்ணர் எழுதின நூலைப் பிடிச்சுக்கிட்டாங்க, அதுல பிள்ளைங்களும் உண்டு, அதனால 80ஐத் தாண்டிடும். பெரிய கூட்டுக்குடும்பம்!

ராஜஸ்தானோட மேவார் ராஜ்யத்துல, சாவண்ட்ங்கிற ஊர்ல 1605ல நிஸாருத்தீன் வரைஞ்ச தொகுப்பு மாதிரி ராஜஸ்தான் படங்கள்ல காதல்தான் மெயின், பளிச்சுனு சிவப்பு மஞ்சள், காத்திருக்கிறவ, கோவிச்சுக்கிட்டவ, நம்ம தலைவி தலைவன் சமாச்சாரமேதான். தோடின்னா வீணையோட ஒரு பொண்ணு, சுத்தி மான் நிக்கும், காதலன் பக்கத்துல இல்லைங்கிறதை மானை வச்சே சொல்லிடுறாங்க பாருங்க (இது இந்துஸ்தானி தோடி, நம்ம காதுக்கு சுபபந்துவராளி மாதிரி கேக்கும், குழப்பிக்காதீங்க).

பஹாரில வேற விளையாட்டு, அந்த நூல் ராகத்தை மிருகம் பறவை சத்தத்தோடயும் வீட்டு வேலை சத்தத்தோடயும் ஒப்பிடுது, அதனால மோர் கடையுற பொண்ணுகூட ராகினியா வந்துடுவா. புத்திசாலித்தனம்தான், ஆனா ஏக்கம் கம்மி.

என் ஓட்டு மேவாருக்கு, அந்த மானுக்காகவே.