மேஜிஸ்க் விமர்சனம்: ரூட் செய்யலாம், ஆனால் எந்தப் போனை?

தினமும் கையில் கொண்டு திரியும் போனை ரூட் செய்ய வேண்டாம், அதாவது கம்பனி பூட்டி வைத்த அன்ட்ரொய்டின் முழு அதிகாரத்தையும் உங்கள் கைக்கு எடுக்க வேண்டாம். லாச்சிக்குள் சும்மா கிடக்கும் பழைய போன் என்றால், அதன் கம்பனி ஃபேர்ம்வெயர் (போனோடு வரும் அடிப்படை மென்பொருள்) கோப்பு உங்கள் லப்டொப்பில் ஏற்கெனவே இறங்கியிருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. ரூட் செய்வதற்கு முன் பூட்லோடரை, அதாவது போன் எழும்பும்போது எந்த மென்பொருளை ஓடவிடுவது என்று பார்க்கும் பூட்டை, திறக்க வேண்டும், அந்த நிமிடமே போனில் இருந்த படம், செய்தி, கணக்கு எல்லாம் அழிந்துவிடும். பிறகு யோசித்துப் பயனில்லை.

மேஜிஸ்க், ரூட் செய்வதற்கென்று ஜோன் வூ எழுதி 2016 இல் வெளிவிட்ட இலவச மென்பொருள். மூல நிரல், மென்பொருள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. இறக்க வேண்டிய ஒரே இடமும் அதுதான். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் 'அதிகாரபூர்வ' மேஜிஸ்க் தளங்கள் எதுவும் அவருடையவை அல்ல. பழைய ரூட் முறைகள் சிஸ்டம் பகுதிக்குள் புகுந்து கோப்புகளை மாற்றின. மேஜிஸ்க் அதைத் தொடுவதில்லை, போன் எழும்பும்போது முதலில் வாசிக்கப்படும் பூட் இமேஜை மட்டும் திருத்துகிறது. அதனால் பின்னர் கழற்றுவதும் சுலபம். கருவி என்ற அளவில் இதில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சிக்கல் போனைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிட்டதில்தான் இருக்கிறது.

கொழும்பில் போன் இப்போது பணப்பை. கடைக் கவுண்டர்களில் லங்காகியூஆர் கோட்டை ஸ்கான் செய்து கட்டும் காசு, வீட்டு மின்சாரப் பட்டியல், பிள்ளையின் டியூஷன் காசு எல்லாம் வங்கிச் செயலி வழியே போகின்றன. இத்தகைய செயலிகளில் பல, போன் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் 'பிளே இன்டெக்ரிட்டி' என்ற கூகுள் சோதனையைக் கேட்டுப் பார்க்கின்றன. அதில் மூன்று படிகள்: பேசிக், டிவைஸ், ஸ்ட்ரோங். பூட்லோடர் திறந்திருந்தாலே டிவைஸும் ஸ்ட்ரோங்கும் போய்விடும். ரூட்டே இல்லாவிட்டாலும் இதே கதைதான், பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். 2025 மே மாதத்திலிருந்து அன்ட்ரொய்ட் 13 உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் இந்தச் சோதனை வன்பொருளுக்குள் பதிந்த சாவியை நம்பியே நடக்கிறது. மேஜிஸ்க் தனது பழைய ஒளிப்பு வசதியை 2022 இல் வந்த 24 ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. அதற்குப் பதில் வந்த 'டினைலிஸ்ட்', தெரிவு செய்த செயலிகளுக்குள் மேஜிஸ்க் நுழையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும், பூட்லோடர் திறந்திருப்பதை மறைக்காது. மறைக்க வேண்டுமானால் வேறொருவரின் போனிலிருந்து கசிந்த, அந்தச் சாவி அடங்கிய 'கீபொக்ஸ்' கோப்பைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும். கூகுள் அதைக் கண்டுபிடித்து இரத்துச் செய்யும் நாளில் உங்கள் வங்கிச் செயலியும் நிற்கும். அது மாதக் கடைசியில், வாடகை அனுப்பவேண்டிய நாளாகவும் இருக்கலாம்.

வேறு இழப்புகளும் உண்டு. கூகுள் மெசேஜஸில் ஆர்.சி.எஸ். செய்தி (எஸ்.எம்.எஸ். க்குப் பதிலாக இணையம் வழியே போகும் செய்தி) 2024 இலிருந்து ரூட் செய்த போன்களில் தடுக்கப்படுகிறது. வீடியோக் களவைத் தடுக்கும் கூகுளின் வைட்வைன் பூட்டு எல்1 தரத்திலிருந்து எல்3 க்கு இறங்கும் மாடல்களில் நெட்ஃபிளிக்ஸ் எச்.டி. தராது.

வேலையைச் செய்யும் விதத்துக்கு வருவோம். பிக்சல் போனை வைத்துச் சொல்கிறேன், அதில்தான் வழி நேராக இருக்கிறது. செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் 'ஓ.ஈ.எம். அன்லொக்கிங்' ஐயும் 'யூ.எஸ்.பி. டிபக்கிங்' ஐயும் போடுங்கள். முதலாவது சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிக்சல் இங்கே தனியார் இறக்குமதியாகத்தான் வருகிறது. அமெரிக்க வெரைசன் நிறுவனத்துக்காகச் செய்த பிக்சலும் அதில் கலந்திருக்கும். சிம் பூட்டு எடுத்து எந்த சிம்மும் வேலை செய்தாலும் அதன் பூட்லோடர் திறக்காது. ரூட் செய்யவென்றே பழைய பிக்சல் வாங்குபவர்கள் காசு கொடுக்கமுன், கடையிலேயே வைஃபை போட்டு இந்த ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கோப்பு. பில்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து எழுதி வைத்து, கூகுளின் ஃபெக்டரி இமேஜ் பக்கத்தில் அதே எண்ணுள்ள தொகுப்பை இறக்குங்கள். ஒரு மாதம் முந்தியதும் உதவாது, பிந்தியதும் உதவாது. தொகுப்பு பெரியது, மொபைல் டேட்டாவில் இறக்குவதைவிட வீட்டு ஃபைபரில் இறக்குவது நல்லது. அன்ட்ரொய்ட் 13 உடனோ அதற்குப் பிறகோ சந்தைக்கு வந்த போன்களில், அதாவது பிக்சல் 7 இலிருந்து, திருத்த வேண்டியது அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் 'இனிட் பூட்' இமேஜ். பிக்சல் 6 க்கும் முந்தியவற்றுக்கும் 'பூட்' இமேஜ். இரண்டையும் மாற்றிப் போட்டால் ரூட் வராது, அல்லது போன் எழும்பாது.

பிறகு போனைக் கேபிளால் லப்டொப்போடு இணைத்து, ஃபாஸ்ட்பூட் நிலைக்கு (லப்டொப்பின் கட்டளைகளை ஏற்கும் நிலை) கொண்டுபோய், லப்டொப்பில் 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லொக்' கட்டளையைக் கொடுங்கள். 'வெயிட்டிங் ஃபோர் எனி டிவைஸ்' என்ற வரி வந்து அப்படியே நின்றால் போனில் பிழை இல்லை, விண்டோஸில் கூகுள் யூ.எஸ்.பி. டிரைவர் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரியும். டிரைவர் போட்டும் நகராவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். புறக்கோட்டையில் மலிவாக வாங்கும் கேபிள்களில் சிலவற்றுக்குள் சார்ஜுக்கான இரண்டு கம்பி மட்டும்தான் ஓடும், டேட்டாக் கம்பி இராது. கட்டளை போனதும் போன் திரையில் உறுதி கேட்கும். ஒலிப் பொத்தானால் தெரிவு, பவர் பொத்தானால் சம்மதம். எல்லாம் அழிந்து புதிதாக எழும்பும்.

இனி மேஜிஸ்க் செயலியைப் போட்டு, அந்த இமேஜ் கோப்பைப் போனுக்குள் அனுப்பி, 'இன்ஸ்டோல்', அதற்குள் 'செலெக்ட் அன்ட் பெட்ச் எ ஃபைல்'. சில விநாடிகளில் டவுன்லோட் கோப்புறைக்குள் 'மேஜிஸ்க் பெட்ச்ட்' என்று தொடங்கும் புதுக் கோப்பு இருக்கும். அதை லப்டொப்புக்கு எடுத்து, ஃபாஸ்ட்பூட்டில் 'இனிட் பூட்' பகுதிக்கு (பிக்சல் 6 க்கும் முந்தியவற்றுக்கும் 'பூட்' பகுதிக்கு) ஏற்றி, ரீபூட். ஏற்றும் வேலை விநாடிக் கணக்கில் முடிந்தாலும் மேசைக் கணினியில் செய்யாதீர்கள். கரண்ட் போய் யூ.பி.எஸ். இல்லாத கணினி நடுவில் அணைந்தால் பாதி எழுதிய இமேஜோடு போன் நிற்கும். பற்றரி உள்ள லப்டொப், போனில் குறைந்தது 50 வீதம் சார்ஜ், இரண்டும் இருக்க வேண்டும்.

போன் லோகோவிலேயே திரும்பத் திரும்பச் சுற்றினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் பில்ட் நம்பர் பொருந்தவில்லை. திருத்தாத மூல இமேஜை அதே இடத்தில் ஏற்றினால் எழும்பிவிடும். தொடக்கத்திலேயே கம்பனிக் கோப்பு கையில் இருக்கட்டும் என்றது இதற்காகத்தான். மேஜிஸ்க் மொடியூல் (மேலதிக வசதி தரும் துணைத் தொகுப்பு) ஒன்றைப் போட்ட பிறகு சுற்றத் தொடங்கினால், சேஃப் மோடில் ஒரு தடவை எழுப்புங்கள், மொடியூல்கள் எல்லாம் தாமாக முடங்கும்.

மாதாந்த அப்டேட் வரும்போது வழமைபோல் அழுத்தினால் ரூட் போகும், அல்லது அப்டேட்டே பிழைக்கும். டெவலப்பர் ஒப்ஷன்ஸில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். அப்டேட் போடும் நாளில் மேஜிஸ்க்கில் 'அன்இன்ஸ்டோல்', 'ரெஸ்டோர் இமேஜஸ்' கொடுத்து, அப்டேட்டை இறக்கி ஏற்றவிட்டு, ரீஸ்டார்ட் கேட்கும்போது அழுத்தாமல் மேஜிஸ்க்குக்குத் திரும்பி, 'இன்ஸ்டோல் டு இன்அக்டிவ் ஸ்லொட்' (அப்டேட் ஏறிய மற்றப் பகுதிக்குள் மேஜிஸ்க்கைப் போடும் தெரிவு) கொடுத்து, அங்கிருந்தே ரீபூட் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதமும் இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் அப்டேட்டைத் தள்ளிப் போடுவார்கள். ரூட்டும் இருந்து பாதுகாப்புத் திருத்தமும் இல்லாத போனை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சாம்சங்கில் விலை அதிகம். திருத்திய இமேஜை ஏற்றியதும் போனுக்குள் இருக்கும் நொக்ஸ் ஃபியூஸ் (போன் திருத்தப்பட்டதைப் பதிந்து வைக்கும் பாதுகாப்புக் குறி) 0 இலிருந்து 1 ஆகும். அதை எந்தக் கடையாலும் திரும்ப 0 ஆக்க முடியாது. செக்யூர் ஃபோல்டர் நிரந்தரமாகப் போகும், சாம்சங்கின் பணக்கொடுப்பனவு வசதியும் போகும். தனது அன்ட்ரொய்ட் பதிப்பான வன் யூஐ 8 இலிருந்து பூட்லோடர் திறக்கும் தெரிவையே சாம்சங் எடுத்துவிட்டதால் புதுப் போன்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. பழைய போனில் செய்வதானால் சாம்சங் போனுக்கு ஃபேர்ம்வெயர் ஏற்றும் ஓடின் மென்பொருளுக்குப் போகும் ஏ.பி. கோப்பு முழுவதையும் மேஜிஸ்க்கால் திருத்த வேண்டும். திருத்திய கோப்பை வழமையான கோப்பு இழுவையில் லப்டொப்புக்கு எடுக்காமல் ஏ.டி.பி. (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) 'புல்' கட்டளையால் எடுங்கள். பெரிய கோப்பு அந்த இழுவையில் பழுதாவது தெரிந்த விஷயம். முதல் தடவை, தரவை அழிக்காத 'ஹோம் சி.எஸ்.சி.' கோப்பை அல்ல, அழிக்கும் 'சி.எஸ்.சி.' கோப்பைத்தான் போட வேண்டும். இன்னொன்று: ஃபேர்ம்வெயர் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து பூட்லோடர் பதிப்பு. போனில் இருப்பதைவிடக் குறைந்ததை ஓடின் ஏற்காது.

ஷாவ்மியில் பொறுமைதான் விலை. ஹைப்பர்ஓஎஸ் (ஷாவ்மியின் அன்ட்ரொய்ட் பதிப்பு) போன்களில் பூட்லோடரைத் திறக்க ஷாவ்மி கொம்யூனிட்டி செயலியில் அனுமதி கேட்க வேண்டும். அன்றன்றைய இடங்கள் பீஜிங் நள்ளிரவில் திறக்கின்றன, நமக்கு அது இரவு 9.30. சில விநாடிகளிலேயே நிரம்பிவிடும் என்பதால் 9.29 க்கே தயாராக இருக்க வேண்டும். கிடைத்த பிறகு வைஃபையை நிறுத்தி, சிம் டேட்டாவில் கணக்கைப் போனோடு இணைத்து, 72 அல்லது 168 மணி நேரம் காத்திருந்து, கணினியில் மி அன்லொக் கருவியை ஓட்ட வேண்டும். 2025 இலிருந்து ஒரு கணக்குக்கு வருடத்தில் ஒரு போன் மட்டும். ஹுவாவி 2018 இலேயே திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. அவற்றை விட்டுவிடலாம்.

கடையில் கொடுத்துச் செய்விக்கலாமா? கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் திரை மாற்ற, சார்ஜிங் போர்ட் மாற்ற நல்ல கைகள் இருக்கின்றன. ரூட் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்த மாத அப்டேட்டில் போன் எழும்பாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு அதை எழுப்பப் போவது நீங்கள்தான், வழி தெரிந்திருக்க வேண்டும். அதோடு ரூட் செய்தவர் எந்தச் செயலிக்கு முழு அதிகாரம் கொடுத்தார் என்பது பார்த்தவுடன் தெரியாது. ஏற்கெனவே கடையில் செய்த போன் உங்கள் கையில் இருந்தால் மேஜிஸ்க்கில் 'சூப்பர்யூசர்' பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் போடாத ஒரு பெயர் இருந்தாலும் ஃபேர்ம்வெயரை முழுவதும் புதிதாக ஏற்றுங்கள். ஒரே தட்டில் ரூட் என்று கிங்ரூட் போன்ற செயலிகளைக் காட்டினால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அவை மிகப் பழைய அன்ட்ரொய்டின் ஓட்டைகளை நம்பியவை. ஐ.எம்.ஈ.ஐ. (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) மாற்றித் தருகிறோம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பழைய போன் வாங்குமுன் ஐ.எம்.ஈ.ஐ. என்று எழுதி இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணை 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும்.

முன்பு ரூட் தேவைப்பட்ட பல வேலைகளுக்கு இப்போது அது தேவையில்லை. கம்பனி திணித்த செயலிகளை ஏ.டி.பி. மூலம் உங்கள் கணக்கிலிருந்து அகற்றலாம். அன்ட்ரொய்ட் 11 இலிருந்து வயர்லெஸ் டிபக்கிங்கும் (கேபிள் இல்லாமல் ஏ.டி.பி. ஓட்டும் வசதி) ஷிசுகு செயலியும் இருந்தால் அதற்குக் கணினிகூட வேண்டாம். விளம்பரத்தைத் தடுக்க, செட்டிங்ஸில் உள்ள பிரைவேட் டி.என்.எஸ். இல் அட்கார்ட் என்ற விளம்பரத் தடுப்புச் சேவையின் முகவரியைப் போட்டால் போதும். யூடியூப் விளம்பரம் அதிலும் போகாது, ரூட் செய்து அட்அவே என்ற தடுப்புச் செயலியைப் போட்டாலும் போகாது. 80 வீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி சாம்சங்கிலும் பிக்சலிலும் இப்போது உள்ளேயே இருக்கிறது.

பழைய போனில் ரூட் அருமையாக உழைக்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் டேட்டா சிம் போட்டு, இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜரில் கிடக்கும் ஹொட்ஸ்பொட் போன். கொழும்புச் சூட்டில் 100 வீதத்திலேயே நிற்கும் பற்றரி காலப்போக்கில் ஊதி, பின்மூடியைத் தள்ளத் தொடங்கலாம். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் போகும் அளவு இடைவெளி தெரிந்தால் அந்தப் பற்றரியை உடனே மாற்ற வேண்டும். மேஜிஸ்க்கில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஏ.சி.சி. மொடியூலைப் போட்டு, 65 இல் சார்ஜ் ஏறத் தொடங்கி 70 இல் நிற்கும்படி வைத்தால் ஊதாத பற்றரி நீண்ட காலம் போகும். நியோ பெக்கப் கொண்டு செயலிகளை அவற்றின் தரவோடு சேர்த்துக் காப்பெடுப்பதும் ரூட் இல்லாமல் முடியாது.

போனை விற்கப் போகிறீர்களானால் முதலில் கம்பனி ஃபேர்ம்வெயரை முழுவதும் ஏற்றி, ஒரு தடவை எழுப்பிப் பார்த்து, அதன் பின்னரே பூட்லோடரைப் பூட்டுங்கள். பூட்டும்போதும் எல்லாம் அழியும். திருத்திய இமேஜ் உள்ளே இருக்கையில் பூட்டினால் போன் எழும்பாது. சீனப் பதிப்பு ஷாவ்மியில் உலகப் பதிப்பு மென்பொருள் ஏற்றியிருந்தால் அதைப் பூட்டவே வேண்டாம், திறந்திருக்கிறது என்று வாங்குபவரிடம் சொல்லியே விற்றுவிடுங்கள்.