செவ்ர் முத்திரையையும் அரண்மனைக் கதையையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

பாரிஸில் ஒரு பழம்பொருள் வியாபாரி எனக்கு 1,800 யூரோவுக்கு ஒரு பீங்கான் தட்டை, செவ்ர் என்னும் பிரெஞ்சு அரச பீங்கான் ஆலையில் செய்தது என்று சொல்லி விற்றார். நீல விளிம்பு, தங்கப்பூச்சு, நடுவில் அரசி மரி அந்துவானெத்தின் உருவம். வெர்சாய் அரண்மனையில் இருந்ததாம். 1793-இல் புரட்சி அரசு ஏலம் விட்டதாம். பிறகு லூயி பிலிப் மன்னரின் துய்லரி அரண்மனைக்குப் போய், 1848 புரட்சியில் அங்கிருந்து வெளியேறியதாம். சான்றாகத் தட்டச்சு செய்த ஒரு தாளைத் தந்தார். அதில் ஏல எண் இல்லை, கையெழுத்தும் இல்லை.

அந்த ஏலம் உண்மையில் நடந்தது. துய்லரி சூறையாடப்பட்டதும் உண்மை. அதனால்தான் இந்தக் கதையை எந்தத் தட்டின் மீதும் ஏற்றிவிட முடிகிறது.

தட்டின் அடியில், செவ்ர் ஆலையின் முத்திரையான பின்னிய இரண்டு 'எல்' எழுத்துகளுக்கு நடுவே 'பி' இருக்கிறது. அரச ஆலையில் அந்த எழுத்து ஆண்டைக் குறிக்கும்: 1753-க்கு 'ஏ', 1754-க்கு 'பி'. மரி அந்துவானெத் பிறந்ததே 1755 நவம்பரில்! ஆலையும் 1754-இல் வான்சேன் என்ற வேறு ஊரில்தான் இருந்தது; செவ்ருக்கு மாறியது 1756-இல். தட்டைப் பரிசோதித்த மதிப்பீட்டாளர் இது கயோலின் களிமண்ணால் செய்யும் 'கெட்டி' வகைப் பீங்கான் என்றார். 1768-இல் லிமோஜ் அருகே கயோலின் களிமண் கண்டறியப்பட்ட பிறகே அந்த ஆலை அவ்வகைப் பீங்கானைச் செய்தது. தட்டில் உள்ள துய்லரி என்ற சிவப்பு முத்திரையும் எதையும் நிரூபிக்காது. 19-ஆம் நூற்றாண்டில் இப்படி உருவம் தீட்டிய போலித் தட்டுகளில் அது தாராளமாகக் குத்தப்பட்டது.

வியாபாரியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் மறுத்துவிட்டு, விற்ற பிறகு அஞ்சலில் அனுப்பியிருந்த ரசீதைப் படிக்கச் சொன்னார். வாயால் 'செவ்ர்' என்று விற்றவர், அதில் 'செவ்ர் பாணித் தட்டு' என்று எழுதியிருக்கிறார். இது திட்டமிட்ட ஏமாற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1981 மார்ச் 3-ஆம் தேதியிட்ட பிரெஞ்சு அரசாணையின்படி, 'பாணி' என்று எழுதினால் காலத்துக்கோ தயாரிப்புக்கோ உத்தரவாதம் கிடையாது.

அதே ஆணை வாங்குபவருக்கும் உதவுகிறது. கேட்டால், பொருளின் தன்மை, தோற்றம், காலம் ஆகியவற்றைக் குறித்து விற்பவர் ரசீது தந்தாக வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே அதைக் கேளுங்கள். அரண்மனைப் பெயரைச் சொன்னால் அதையும் அந்த ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.