வீட்டு வீடியோ காலா, ஊர் மையமா? ஏற்காடு மலையில் தொலைமருத்துவ ஆய்வுக்கு நான் தேர்ந்த வழி

வளர்ச்சித் தாமதமோ நடத்தைச் சிக்கலோ உள்ள குழந்தைகளைத் திரை வழியே பார்த்து ஓர் ஆய்வு நடத்துவதென்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கும் என்பதைத்தான். மருத்துவர் சேலத்தில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். அதனால் பெரிய வித்தியாசமில்லை. குழந்தை தன் வீட்டில் அம்மாவின் செல்போன் முன்னால் இருக்கப் போகிறதா, இல்லை ஊரிலேயே அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ, நாம் கொடுத்த டேப்லெட் முன்னால், நம் களப்பணியாளர் பக்கத்தில் இருக்கப் போகிறதா? சேர்வராயன் மலைக் கிராமங்களின் குடும்பங்களைச் சேலத்திலிருந்து ஒருங்கிணைப்பது என் வேலை. இரண்டு வழியையும் நடத்திப் பார்த்துவிட்டு ஊர் மையத்தின் பக்கம் வந்தவள் நான். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

பயணம் மிச்சமாவது இரண்டிலும் ஒன்றுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளில், சத்தமும் குலுக்கலும் தாங்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வருவது என்னவென்று அந்த அம்மாக்களைக் கேட்டால் தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது அதுகூட முடியவில்லை. எந்தச் செயலியில் பேசுவது என்பதும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2019 முதல் இருக்கிறது. ஆனால் அது சிகிச்சை ஆலோசனைக்காக அமைந்தது. ஒரே குழந்தையை ஒரே கேள்விகளோடு பல மாதம் தொடரும் ஆய்வுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். செலவில் வீட்டு வழி மலிவு. அதில் மறுபேச்சில்லை.

வீட்டு வழிக்கு இருக்கும் பெரிய பலத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை தன் இயல்பில் இருக்கும். புது இடத்தில் மூலையில் ஒடுங்கும் பிள்ளை, வீட்டில் தம்பியோடு எப்படிச் சண்டை போடுகிறது, சோற்றை ஏன் தட்டிவிடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய டெலி-ஏஎஸ்டி-பீட்ஸ் என்ற முறை இதை நம்பித்தான் அமைந்தது. மருத்துவர் திரையிலிருந்து சொல்லச் சொல்ல, அம்மாவே குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், விளையாட்டுக் காட்டுவார், தின்பண்டம் கேட்க வைப்பார். சின்னக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அடையாளங்களைக் கவனிக்க அது நல்ல வழி. சேலம் நகரத்துக்குள், அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ ஆய்வு என்றால் நானும் வீட்டு வழியைத்தான் யோசிப்பேன்.

மலையில் என்னை மாற்றியது ஒரே ஒரு காரணம். அது சிக்னல் இல்லை. சிக்னல் ஒரு தொல்லைதான். ஏரியைச் சுற்றி நன்றாகவே கிடைக்கிறது, உள்ளே போகப் போக மெலிகிறது. மொட்டைப் பாறை மேல் ஏறினால் கிடைக்கும் என்பார்கள், குழந்தையைப் பாறை மேல் உட்கார வைத்துப் பரிசோதிக்க முடியாது. ஆனாலும் சிக்னலை எப்படியாவது சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது, நடுவில் காணாமல் போகும் குடும்பங்கள்.

ஆய்வில் ஒரு குழந்தையை முதலில் ஒருமுறை அளக்கிறோம். பயிற்சி கொடுத்துச் சில மாதம் கழித்துத் திரும்ப அளக்கிறோம். அந்த இரண்டாவது அளவு கிடைக்காவிட்டால் முதல் அளவும் வீண். வீட்டு வழியில் அந்த இரண்டாவது அழைப்பு ஏன் நடக்காமல் போகிறது? பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். "போனு அவரு கையில இருக்குதுங்க அக்கா, பொழுது சாஞ்சாத்தான் வருவாரு" என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பதில் வரும். நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கினால் அம்மாவும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார். இருட்டியபிறகு களைத்து வருபவரிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்பது நியாயமும் இல்லை. 28 நாள் ரீசார்ஜ் தீர்ந்தால் சில வாரம் போன் செத்திருக்கும். பிறகு வேறு சிம், வேறு எண். கூலி வேலைக்காகக் குடும்பமே கேரளாவுக்கோ திருப்பூருக்கோ போயிருக்கும்.

இப்படிக் காணாமல் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். வசதி குறைந்தவர்கள், தனியாகப் பிள்ளையைச் சமாளிக்கும் அம்மாக்கள், மிகக் கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளின் வீடுகள். கடைசிவரை தங்குவது சொந்தப் போன் உள்ள, கொஞ்சம் படித்த அம்மாக்கள். ஒரு பேச்சுக்கு 40 குழந்தைகளில் 10 பேர் விடுபட்டு, மீதி 30 பேரில் 24 பேர் முன்னேறியிருந்தால் "80 சதவீதம் வெற்றி" என்று அறிக்கை எழுதலாம். விடுபட்ட பத்துப் பேருக்கும் எந்தப் பலனும் இல்லாமலிருந்தால் உண்மை 60 சதவீதம்தான். அந்த அறிக்கையை நம்பித்தான் நாளைக்கு ஒரு திட்டம் வரும், அது முதலில் கைவிடப்போவது இந்தப் பத்து வீட்டுக் குழந்தைகளைத்தான். எனக்கு இதைத் தாண்டி வேறு எந்த வசதியும் பெரிதாகத் தெரியவில்லை.

2015ல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் கீழ் தொடங்கிய ஸ்ப்ரௌட் என்ற ஆய்வு வலையமைப்பு, குழந்தைகளுக்கான தொலைமருத்துவத்தை எடைபோட நான்கு கோணங்களில் பார்க்கச் சொல்கிறது: உடல்நல விளைவு, சேவையின் தரமும் செலவும், குடும்பத்தின் அனுபவம், நடைமுறைப்படுத்தல். நல்ல சட்டகம்தான். ஆனால் வராமல் போன குடும்பத்திடம் அனுபவம் கேட்க முடியாது. நான்குமே வந்தவர்களின் கணக்காகிவிடும்.

ஊர் மையத்தில் இது ஏன் குறைகிறது என்றால், தேதியை நினைவில் வைத்திருப்பது ஒரு மனுஷி. எங்கள் களப்பணியாளர் அந்தப் பக்கத்துப் பெண். எந்த எஸ்டேட்டில் எந்த நாள் கூலி, எந்த ஊரில் எப்போது திருவிழா, யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்வார். எண் மாறினால் அத்தையிடமோ மளிகைக்கடைக்காரரிடமோ கேட்டு வாங்கிவருவார். சேரும்போதே ஒவ்வொரு குடும்பத்திடமும் மூன்று தொடர்பு எண் வாங்குகிறோம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே உள்ளவருடையது. மலைக்கு வெளியே போன குடும்பத்தை இதுவும் முழுதாகக் காப்பாற்றாது. ஊர் திரும்பும் பொங்கல் சமயத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

சிறப்பு மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பணியாளரால் இந்த வேலை ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளோடு நடந்து 2016ல் வெளியான பாஸ் ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதையே அவர்களுக்குப் போட்டுக்காட்டிப் பேசிய பணியாளர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். அது நேரில் நடந்தது, திரையில் இல்லை. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

ஒப்புதல் வாங்குவதிலும் மையம் எளிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி பெற்றோர் ஒப்புதலோடு, ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டும்போது பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் வேண்டும். வீடியோ காலில் அந்தச் சாட்சியை எங்கே தேடுவது? இன்னொன்றும் உண்டு. வீட்டில் கேமராவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. "பையன் அடம்பிடிச்சா என்ன செய்வீங்க?" என்ற கேள்விக்கு மாமியார் காதுபட ஓர் அம்மா எப்படி உண்மையைச் சொல்வார்? மையத்தில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அங்கன்வாடிக்கு யார் வந்தார்கள் என்று ஊர் பேசும் என்பதும் உண்மைதான். அதனால் எடை பார்க்கும் நாள், தடுப்பூசி நாள் என்று எல்லாக் குழந்தைகளும் வரும் நாளையே எடுத்துக்கொள்கிறோம்.

வீட்டை விட்டு வெளியே வந்தாலே நிலைகுலையும் சில குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களை மையத்துக்கு இழுப்பது கொடுமை. டேப்லெட்டோடு பணியாளர் வீட்டுக்குப் போகிறார். அப்படியானால் அந்தக் குழந்தைக்கு முதல் அளவு, கடைசி அளவு இரண்டுமே வீட்டில்தான். முதலில் மையத்தில் ஒடுங்கி உட்கார்ந்த பிள்ளையைப் பிறகு வீட்டில் பார்த்தால், இடம் மாறியதால் வந்த கலகலப்பைப் பயிற்சியின் பலன் என்று எழுதிவிடுவோம். எந்தக் குழந்தை எங்கே பார்க்கப்பட்டது என்று ஒவ்வொரு படிவத்திலும் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம்.

விளையாட்டுச் சாமானும் அப்படித்தான். ஒரே பை, ஒரே பந்து, ஒரே கட்டைகள், ஒரே சோப்புக் குமிழி டப்பா எல்லா ஊருக்கும் போகிறது.

இவ்வளவும் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வைத்துச் சொல்வது. வளரிளம் பருவத்தினரோடு எனக்கு அனுபவம் மிகக் குறைவு. அந்த வயதில் ஊர் மையத்தில் வந்து உட்காரவே கூச்சப்படலாம், சொந்தப் போனில் பேசுவதே அவர்களுக்கு இலகுவாக இருக்கலாம். அப்படி ஓர் ஆய்வு வந்தால் ஊர் மையம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஐந்து வயதுக் குழந்தைகளை மலையில் தொடரப் போகிறவர் என்றால், செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, முதல் நாளிலிருந்து கடைசி அளவு முடியும்வரை அந்தப் பக்கத்துப் பெண் ஒருவரின் முழுச் சம்பளத்துக்கு வைத்துவிடுங்கள்.