பழைய லேப்டாப்புக்கு சவுண்ட் கார்டு வாங்கப் போகிறீர்களா, கொஞ்சம் பொறுங்கள்

என்னிடம் 1994-இல் வந்த, 486 வகை சிப்பில் ஓடும் லேப்டாப் ஒன்று இருக்கிறது. இன்றும் ஓடுகிறது, ஆனால் அதன் பிசிஎம்சிஐஏ ஸ்லாட் (மோடம் போன்ற கார்டுகளைப் பக்கவாட்டில் செருகும் இடம்) போய்விட்டது. காரணம், போன மாதம் ஒருவரிடம் நம்பி வாங்கிய சவுண்ட் கார்டு.

அந்தக் காலத்து லேப்டாப்களில் பலவற்றுக்கு 'பீப்' தவிர வேறு சத்தம் கிடையாது. அதனால் இப்போது ஆர்வலர்கள் சிலர் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன போர்டில் இருக்கும் ஆர்பி2040 சிப்பை வைத்து, அந்தக் கால ஆட்லிப் என்ற இசை கார்டு போலவே நடந்துகொள்ளும் சின்ன கார்டுகளைச் செய்கிறார்கள். அருமையான வேலை, சிலர் சர்க்யூட் வரைபடத்தைக்கூட எல்லோருக்கும் திறந்து கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் விற்றவர் அப்படி ஒரு வரைபடத்தை எடுத்து, செலவைக் குறைக்க அதில் கை வைத்திருக்கிறார்.

முதல் நான்கு நாள் பாட்டு நன்றாகவே வந்தது. ஆனால் டாஸ் விளையாட்டுகளில் பேச்சும் துப்பாக்கிச் சத்தமும் வரவே இல்லை. கேட்டதற்கு "டிரைவரை மாற்றிப் போடுங்கள்" என்றார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த மாதிரி 16-பிட் ஸ்லாட்டில் பொதுவாக டிஎம்ஏ (பிராசசர் இல்லாமலே கார்டுக்கு மெமரியிலிருந்து தரவு போகும் வழி) கிடையாது, விளையாட்டுகள் பேச்சுக்கும் வெடிச்சத்தத்துக்கும் நம்பும் சவுண்ட் பிளாஸ்டர் கார்டின் டிஜிட்டல் ஒலிக்கோ அது வேண்டும். 'எல்லா கேமிலும் முழு சத்தம்' என்று சொல்லி விற்றதே பொய்.

ஐந்தாம் நாள் கார்டு உள்ளே இருக்கும்போது லேப்டாப் மெமரி எண்ணுவதோடு நின்றுவிட்டது. உருவினேன், சரியாக பூட் ஆனது. மறுபடி செருகியபோது கார்டு ஒரு பக்கமாக இறுகிப் போனது (3டி பிரிண்ட் செய்த உறைக்குள் கனெக்டர் நேராகவே உட்காரவில்லை), அதற்குப் பிறகு எந்த கார்டைப் போட்டாலும், என் பழைய மோடம் கார்டு உட்பட, லேப்டாப் கண்டுகொள்வதில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே 68 பின்கள் இரண்டு வரிசையாக நிற்கும். 36-ஆம் பின் மட்டும் சாய்ந்து கிடந்தது. கார்டு வந்திருக்கிறது என்று லேப்டாப்புக்குச் சொல்வதே 36, 67 ஆகிய இரண்டு பின்கள்தான். ஊசியால் மெல்ல நிமிர்த்தினேன், ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

அப்புறம் கார்டின் உறையைப் பிரித்தேன். ஸ்லாட் கொடுப்பது 5 வோல்ட், ஆர்பி2040 பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. நடுவில் வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் 74எல்விசி245 போன்ற பஃபர் சிப்கள் இருந்தாக வேண்டும், மூல வரைபடத்திலும் இருக்கின்றன. இந்த போர்டில் அவற்றுக்கான இடங்கள் வெறுமையாக இருந்தன, பக்கத்தில் '0' என்று அச்சிட்ட குட்டி ரெசிஸ்டர்களை (தடையே இல்லாதவை, வெறும் கம்பி மாதிரி) வரிசையாக வைத்து இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் நேராக இணைத்துவிட்டிருந்தார்கள். அதாவது முதல் நாளிலிருந்தே சிப் தாங்க வேண்டியதற்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். "பழைய லேப்டாப் என்றால் இப்படித்தான்" என்று ஒரு வரி வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பதிலே இல்லை. கார்டு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், முப்பது வருடம் தாங்கிய ஸ்லாட்டுக்கு எங்கே போவது? எனக்குக் கோபமே அதில்தான்.

வாங்குவதற்கு முன் போர்டின் இரண்டு பக்கத்தையும், உறை இல்லாமல், சிப் மேல் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் கேட்காமலேயே காட்டுவார்கள். செருகும்போது கொஞ்சம் இறுகினாலும் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து கனெக்டர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கனவே இப்படி ஒரு கார்டு உங்கள் லேப்டாப்பில் இருந்தால் இன்றைக்கே உருவி, உறையைப் பிரித்து, அந்த '0' ரெசிஸ்டர்கள் கனெக்டர் ஓரத்தில் வரிசை கட்டி நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.