பழுப்பு வண்டியும் கொலு பொம்மையும்: யூபிஎஸ் பார்சல் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு கராஜில் ஒன்பது ஆண்டுகளாகக் கொலு பொம்மை வியாபாரம் நடக்கிறது. பண்ருட்டியிலிருந்தும் மதுரை விளாச்சேரியிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கும் மண் பொம்மைகளையும் காகிதக்கூழ் பொம்மைகளையும் பிரித்து, விரிசல் கண்டிருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் பொதிந்து, டெக்சாஸ், மிச்சிகன், கலிபோர்னியா என்று பரவிக் கிடக்கும் தமிழ் வீடுகளுக்கு அனுப்புவதே எங்கள் தொழில். ஆவணி பிறந்துவிட்டால் நாளொன்றுக்கு நாற்பது பெட்டிகள் வரை கிளம்பும். எந்த நிறுவனத்தில் அனுப்பினால் உடையாமல் போய்ச் சேரும் என்று புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் இப்போது யூபிஎஸ்ஸைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன்; அதற்கான காரணத்தை விளக்க வேண்டுமானால் பெட்டியைத் தூக்கிச் செல்லும் டிரைவரின் வேலையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவுக்கு வரும் யூபிஎஸ் டிரைவர் இந்த ஒன்பது ஆண்டுகளும் ஒருவரே. அவர் விடுப்பில் போகும் வாரங்களில் மட்டும் வேறு முகம் தென்படும். பக்கவாட்டுக் கதவு எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதும், தசாவதார செட்டின் பெட்டிமேல் வேறு பெட்டியை ஏற்றக் கூடாது என்பதும், ஆகஸ்டு கடைசியில் வண்டியில் எங்களுக்கென்று கொஞ்சம் இடம் விட்டு வர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இவற்றில் எதையும் நான் எந்தப் படிவத்திலும் நிரப்பிக் கொடுத்ததில்லை. 'உடையும் பொருள்' என்று சிவப்பில் அச்சிட்ட சீட்டைக் கிடங்கின் கன்வேயர் பட்டை படிப்பதில்லை. ஒரே மனிதர் பல ஆண்டுகள் ஒரே தடத்தில் வரும்போது அவர் படிக்கிறார். ஒரு பருவத்தில் வேறொரு நிறுவனத்திடம், பெயர் வேண்டாம், கட்டணம் குறைவென்று ஐம்பது பெட்டிகளைக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் ஐந்து டிரைவர்கள் மாறினார்கள். செட்டியாரம்மாக்களில் ஆறு பேர் தலையில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த நிலைத்தன்மை நிறுவனத்தின் நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. 1907ஆம் ஆண்டு சியாட்டிலில் தூதுச் சேவையாகத் தொடங்கிய இந்நிறுவனத்தின் டிரைவர்கள் நெடுங்காலமாக டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள். எங்கள் டிரைவர் முதலில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிடங்கில் வண்டிகளுக்குச் சரக்கேற்றும் பகுதிநேர ஆளாகச் சேர்ந்து, பணிமூப்பு வரிசையில் காத்திருந்து டிரைவரானவர். மொத்தம் இருபத்திரண்டு ஆண்டுச் சேவை. தடத்தைத் தேர்ந்தெடுப்பது, விடுப்பு வாரங்களைத் தேர்ந்தெடுப்பது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது என எல்லாவற்றையும் அந்த வரிசையே முடிவு செய்கிறது. நியாயமான காரணம் காட்டாமல் வேலையை விட்டு நீக்க முடியாது. நீக்கினால் சங்கத்தின் வழியாக முறையிடலாம். வேலையில் தொடர்ந்தால் நல்ல தடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் ஆள் நிற்கிறார். அவர் நின்றால் என் தசாவதாரம் பிழைக்கிறது.

சம்பளமும் அப்படித்தான். 2023ஆம் ஆண்டு ஜூலையில் சுமார் 3,40,000 ஊழியர்களுக்காக எட்டப்பட்டு, ஆகஸ்டில் 86.3 விழுக்காடு வாக்குகளுடன் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி, உச்ச ஊதிய நிலையில் உள்ள முழுநேர டிரைவரின் சராசரிக் கூலி ஒப்பந்த முடிவில் மணிக்கு 49 டாலராக உயரும். பகுதிநேர ஊழியரின் தொடக்கக் கூலி 21 டாலர். 2024 ஜனவரிக்குப் பிறகு வாங்கும் புதிய விநியோக வண்டிகளில் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஜூலை வெயிலில் அந்தப் பழுப்பு வண்டியின் பின்பகுதிக்குள் நான் ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறேன். செங்கல் சூளையின் வாயில் முகத்தை வைத்தது போல இருந்தது. அந்தச் சூட்டில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை ஏறி இறங்கும் ஒருவர் குளிர்சாதனத்துக்காகப் பேரம் பேச வேண்டியிருந்தது என்பதே எனக்கு வியப்பு.

ஆனால் சங்கம் இருந்துவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், அதே பெட்டியைச் சுமந்தும் குறைந்த கூலி பெறும் இரண்டாம் தர டிரைவர் வகுப்பு ஒன்று நுழைந்தது. வாக்களித்தவர்களில் 54 விழுக்காட்டினர் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். வாக்குப்பதிவு பாதிக்கும் குறைவாக இருந்தால் நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்ற பழைய விதியைக் காட்டிச் சங்கத் தலைமை அதை நிறைவேற்றியது. அந்தக் கோபம் 2021ஆம் ஆண்டு மாநாட்டில் அவ்விதியை நீக்கியது. அதே ஆண்டுத் தேர்தலில் ஷான் ஓ'பிரையனைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. 2023 ஒப்பந்தத்தில் இரண்டாம் தர வகுப்பும் ஒழிந்தது. நிறுவனத்தோடு மட்டுமின்றித் தங்கள் சங்கத்தோடும் போராடித்தான் இந்த டிரைவர்கள் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

குறை என்று சொன்னால், அது ஒப்பந்தத்தால் எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது. டிரைவரைக் காரணமின்றி நீக்காமல் தடுக்க ஒப்பந்தத்தால் முடியும். வண்டியில் ஏற்றுவதற்குப் பெட்டிகளை உண்டாக்கித் தர முடியாது. தன் மிகப்பெரிய வாடிக்கையாளரான அமேசானின் சரக்கை 2026ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் பாதிக்கும் மேல் குறைத்துக்கொள்வதாக யூபிஎஸ் 2025 ஜனவரியில் அறிவித்தது. அமேசான் பெட்டிகளில் லாபம் குறைவு என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் தவறு காண எனக்கு அறிவு போதாது. ஆனால் பெட்டி குறைந்தால் தடம் குறையும், தடம் குறைந்தால் ஆள் குறைவார் என்பது கராஜ் வியாபாரிக்கும் தெரியும். 2025ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 48,000 வேலைகளைக் குறைத்ததாகவும் 93 கட்டடங்களை மூடியதாகவும் அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனமே தெரிவித்தது. அவற்றில் ஏறத்தாழ 34,000 வேலைகள் களப்பணியைச் சேர்ந்தவை. 2026ஆம் ஆண்டில் மேலும் 30,000 வேலைகள் வரை குறையும் என்று பின்னர் அறிவிப்பு வந்தது.

இவ்வளவு பெரிய குறைப்பில் சங்கத்தின் கை எங்கே இருந்தது என்று கேட்டால், யார் போகிறார், எப்படிப் போகிறார் என்பதில் இருந்தது. முழுநேர டிரைவர்கள் தாங்களாக விலகினால் ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 1,800 டாலர் தருவதாக 2025 கோடையில் நிறுவனம் முன்வந்தது. இது ஒப்பந்தத்தை மீறுவது என்று டீம்ஸ்டர்ஸ் எதிர்த்தது. எங்கள் டிரைவருக்கு அது 39,600 டாலர். எங்கள் கராஜ் மேசைமேல் கிடந்த பொம்மைப் பெட்டியின் மூடியில் பேனாவால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அதே மூடியின் மறுமூலையில் தம் மாத ஓய்வூதியத்தை எழுதி வட்டமிட்டுவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். பணிமூப்பு வரிசையின் மேல்பகுதியில் இருப்பவருக்கு அந்தத் துணிச்சல் வரும். சென்ற ஆண்டு சேர்ந்த இளைஞர் வரிசையின் அடியில் நிற்கிறார். ஆட்குறைப்பு அவரிடமிருந்துதான் தொடங்கும். அவர் டிரைவராகும் நாளுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. பணிமூப்பு என்னும் ஏற்பாட்டின் இந்த முகத்தைச் சங்க ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை.

ஃபெடெக்ஸ், அமேசான் என்ற மற்ற இரண்டு நிறுவனங்களோடு ஒப்பிடாமல் விட முடியாது. ஃபெடெக்ஸில் விமானிகளுக்குச் சங்கம் உண்டு. வீட்டு வாசலுக்கு வரும் டிரைவருக்கு இல்லை. விமான வழியே விரைந்து அனுப்பும் எக்ஸ்பிரஸ் பிரிவு, 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டத்துக்குப் பதிலாக, 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவதால், ஒரு கிடங்கின் ஊழியர்கள் மட்டும் கூடிச் சங்கம் அமைத்துவிட முடியாது. நாடு முழுவதும் உள்ள அந்த வகை ஊழியர்கள் அனைவரையும் சேர்த்தே வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சாலை வழியே அனுப்பும் கிரவுண்ட் பிரிவிலோ டிரைவர் ஃபெடெக்ஸின் ஊழியரே அல்லர், ஒப்பந்ததாரரின் ஊழியர். முன்பு ஒவ்வொரு டிரைவரையும் சுயதொழில் செய்பவர் என்றே கணக்கில் வைத்திருந்தார்கள். கலிபோர்னியா டிரைவர்கள் உண்மையில் ஊழியர்களே என்று 2014ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மறு ஆண்டு 228 மில்லியன் டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது. இடையில் ஒப்பந்ததாரர் வந்தபின் டிரைவர் ஊழியர்தான், ஆனால் வேறொருவரின் ஊழியர். ஒப்பந்ததாரர் தடத்தை விற்றுவிட்டால் புதியவரிடம் மறுபடி பேச்சைத் தொடங்க வேண்டியதுதான்.

அமேசானின் சாம்பல் நிற வண்டிகளுக்கும் 2018 முதல் இதே ஏற்பாடு. அதன் சிக்கல் கலிபோர்னியாவின் பாம்டேலில் தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஓர் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்த 84 பேர் 2023 ஏப்ரலில் டீம்ஸ்டர்ஸில் சேர்ந்தார்கள். ஒப்பந்ததாரரும் சங்கத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த ஒப்பந்ததாரருக்கும் அமேசானுக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அதை முறிக்கும் அறிவிப்பை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்பது அமேசானின் விளக்கம். 2024 ஆகஸ்டில், தொழிற்சங்க வழக்குகளை விசாரிக்கும் அரசு அமைப்பான தேசியத் தொழிலுறவு வாரியத்தின் வட்டார அலுவலகம் அமேசானையும் கூட்டு முதலாளியாகக் கருதலாம் என்று சொன்னபோது டீம்ஸ்டர்ஸ் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது; அந்த ஆண்டு டிசம்பரில் பல ஊர்களில் வேலைநிறுத்தமும் நடந்தது. ஆயினும் யாரிடம் பேரம் பேசுவது என்ற கேள்விக்கே விடை தேடிக்கொண்டிருக்கும் டிரைவர், தடத்தையும் விடுப்பையும் பற்றிப் பேசும் நாள் அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனிக் கட்டணம். யூபிஎஸ் விலை அதிகம் என்பதும், சங்கச் சம்பளத்தால்தான் அப்படி என்பதும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. விலை அதிகம் என்பது உண்மை. வீட்டு முகவரிக்குத் தனிக் கூடுதல் கட்டணமும் உண்டு. ஆனால் 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் யூபிஎஸ் அறிவித்த சராசரிக் கட்டண உயர்வு 5.9 விழுக்காடு, டிரைவருக்குச் சங்கமே இல்லாத ஃபெடெக்ஸ் அறிவித்ததும் அதே 5.9 விழுக்காடு. சங்கம் இல்லாததால் மிச்சமான பணம் என் கைக்கு வந்ததாகத் தெரியவில்லை. நேராகக் கடையில் போய் அனுப்பாமல், கணக்கு தொடங்கித் தள்ளுபடி விலையில் இணையத்தில் சீட்டு அச்சிட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 100 டாலர் வரைதான் தானாக ஈடு உண்டு. கல்யாண செட்டுக்கு அது போதாது, மதிப்பை எழுதிக் கூடுதல் பணம் கட்டுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைந்த ஒரு நட்சத்திரம் எங்கள் டிரைவருடையது அல்ல. அவருக்குப் பின் இந்தத் தடத்துக்கு யார் வருவார் என்று நிறுவனத்தால் சொல்ல முடியாததற்காகக் குறைத்தது.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போதைய ஒப்பந்தம் 2028ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி முடிகிறது. 1997ஆம் ஆண்டிலும் ஒப்பந்தம் ஜூலை இறுதியில்தான் முடிந்தது. ஆகஸ்டு 4ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் 1,85,000 பேர் ஏறத்தாழ பதினைந்து நாள்கள் வேலைக்குப் போகவில்லை. பகுதிநேர வேலைகளை இணைத்து 10,000 முழுநேர வேலைகள் உருவாக்கப்படும் என்ற உறுதியைப் பெற்றே திரும்பினார்கள். 2028இல் நவராத்திரி செப்டம்பர் மாதத்திலேயே வந்துவிடுகிறது. ஆகவே அந்த ஆண்டு மட்டும் ஆர்டர்களை ஜூன் மாதத்துடன் முடித்துக்கொள்வோம். ஆகஸ்டில் எங்கள் டிரைவர் மறியல் வரிசையில் நின்றால், பெட்டிகள் கராஜிலேயே இருக்கும். வேறு வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.